துளையிடாமல் காரில் ஹாம் ரேடியோ: இலங்கையிலும் இந்தியாவிலும்

காரில் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றவர் பயன்படுத்தும் அமெச்சூர் வானொலிக் கருவி, வைப்பதென்றால் கூரையில் துளையும் டாஷ்போர்டில் திருகும் வேண்டும் என்று பாக் நீரிணையின் இரு கரையிலும் பலர் நம்புகிறார்கள். இரண்டும் தேவையில்லை. நாளை கழற்றினால் தடமே தெரியாத அமைப்புதான் சுத்தமான அமைப்பு. கருவியும் 2 மீட்டர் அலைவரிசையும் இரு நாடுகளுக்கும் பொது. ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதும் பொது. வேறுபடுவது வண்டியும், அதை வைத்திருப்பவரின் நிலைமையும்தான்.

இலங்கைச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை மிகவும் ஏறியது. அங்கே கார் ஒரு சொத்து. லீசிங்கில் எடுத்ததென்றால் தவணை முடியும்வரை அது முழுக்கத் தன்னுடையதும் அல்ல. அதில் எவரும் துளையிடத் துணியமாட்டார். இந்தியாவில் புதிய கார் கிடைப்பது எளிது. தயக்கத்துக்குக் காரணம் வாரண்டி. வயரிங்கை வெட்டி ஒட்டினால், பின்னால் வரும் மின்கோளாறுக்கு அதையே காரணம் காட்டுவார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றுவதற்கு வரம்பு கட்டுகிறது.

மின்சாரம் எடுப்பதில்தான் வேறுபாடு பெரிது. 50 வாட் கருவி பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல கார்களின் சிகரெட் லைட்டர் சாக்கெட் தாங்குவதே 120 வாட், அதாவது 10 ஆம்பியர். கையடக்கக் கருவிக்கு மட்டுமே அது போதும். இந்தியாவில் ஓடும் ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பேட்டரி பானட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து தடித்த வயரை, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டின் ரப்பர் அடைப்பு வழியாக உள்ளே கொண்டுவரலாம். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட வேண்டும். நெகட்டிவ் முனையில் சென்சார் பொருத்திய வண்டியானால், கருப்பு வயரை அந்த முனையில் கட்டாமல் பாடியின் எர்த் போல்ட்டில் இணைக்க வேண்டும்.

இலங்கையில் பரவலான ஹைபிரிட்களில் கதை வேறு. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 12 வோல்ட் பேட்டரி டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. கருவியின் உடலையும் டிக்கியிலேயே வைத்துவிட்டால் மின்வயர் மிகக் குறுகும். ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது. வண்டியின் மின்சாரத்தைத் தொடவே மனமில்லாதவருக்குத் தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஏற்றது. வீட்டில் சார்ஜ் செய்து டிக்கியில் வைத்தால் போதும். வாரண்டியை நினைத்து அஞ்சும் இந்தியரும் இந்த வழியைப் பின்பற்றலாம்.

ஆன்டெனாவுக்குக் காந்த அடி போதும். 2 மீட்டர் அலைவரிசைக்குக் கால் அலைநீளக் கம்பி ஏறக்குறைய அரை மீட்டர்தான். இரும்புக் கூரையின் நடுவில் வைத்தால் நன்றாக வேலை செய்யும். இந்தியாவில் இப்போது விரும்பி வாங்கப்படும் அகலக் கண்ணாடிக் கூரையில் காந்தம் ஒட்டாது. அத்தகைய காருக்கு டிக்கிக் கதவின் விளிம்பைப் பிடிக்கும் கவ்வி வேண்டும். இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கம் மலை குறுக்கே நின்று அலையைத் தடுக்கும். அங்கே வாட்டைக் கூட்டுவதைவிட, மேடான இடம் பார்த்து நிறுத்திப் பேசுவது பலன் தரும். காந்தத்தின் அடியில் மணல் சேர்ந்தால் பெயின்ட் கீறும். அடிக்கடி எடுத்துத் துடைக்க வேண்டும். கேபிளைக் கதவு ரப்பரின் ஓரமாக, மழைநீர் உள்ளே வழியாதபடி கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு நுழைக்க வேண்டும்.

முகப்பு தனியாகக் கழலும் கருவியானால் உடலை இருக்கைக்கு அடியில் வெல்க்ரோவால் நிறுத்தலாம். காற்றோட்டம் இருக்க வேண்டும். அங்கே மஞ்சள் நிற இணைப்பி தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது, தொடாதீர்கள். மே மாத வெயிலில் சென்னையில் நிறுத்தும் காரில் முகப்பை விட்டுச் செல்ல வேண்டாம்.

உரிமத்தை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (WPC) பிரிவும், இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவும் வழங்குகின்றன. ஓடும் வண்டியிலிருந்து பேச அதில் இடமிருக்கிறதா என்று பார்த்து, நகலை வண்டியிலேயே வையுங்கள். கூரைக் கம்பியைப் பார்த்துப் போலீசார் கேட்டால் அதுதான் பதில்.

2004 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் குழுவினரும், இலங்கையில் கொழும்பு, அம்பாந்தோட்டை ஹாம்களும் அறுந்துபோன தொடர்பை மீட்டார்கள். தன் பேட்டரியோடு எங்கும் நகரக்கூடிய கார் நிலையத்துக்கு அத்தகைய நாளில்தான் மதிப்பு. உரிமம் பெற்றவர்களே, வண்டி கெட்டுவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த புயல் பருவத்துக்கு முன் பொருத்தி, ஒருமுறை பேசிப் பாருங்கள்.