அடிமை சொல் அம்பலம் ஏறாதோ?

ஏழை சொல் அம்பலம் ஏறாதாம். அடிமை சொல்லோ வரலாற்று ஏட்டிலும் ஏறவில்லை! அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெபர்சனே தம் தந்தை என்று, அவருடைய அடிமைப்பெண் சாலி ஹெமிங்சின் மகன் மாடிசன் 1873-இல் உரைத்தார். ஜெபர்சனின் பேரப்பிள்ளைகளோ அவர் தங்கை மக்களைக் கைகாட்டினர். வரலாற்றாசிரியர் பலர் எதை நம்பினர்? ஆண்டை வீட்டார் சொல்லையே!

இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது, அனெட் கோர்டன்-ரீட் 1997-இல் வெளியிட்ட ஆய்வுநூல். சொன்னவர் யார் என்று பாராது, சான்று யாது என்று வினவியதே அதன் சிறப்பு. 1998-இல் மரபணு ஆய்வு வந்தது. மாடிசன் தம்பி எஸ்டனின் வழித்தோன்றலிடம் ஜெபர்சன் குடியின் ஆண்வழிக் குறி தென்பட்டது. தங்கை மக்கள் கதை தகர்ந்தது. அக்குறி அக்குடி ஆடவர்க்கெல்லாம் பொதுவே. ஏனைய சான்றுகளோடு சேர்ந்தே மாடிசன் சொல் வலுப்பெறுகிறது.

குலப்பெருமையை அன்று, உண்மையைத் தேடுவோர் கற்கவேண்டிய நூல் என்போம் நாம்.