கிமோனோவும் அரிசி மூட்டையும்

ஒரு நாட்டின் கலைப்படைப்பு பிறிதொரு நாட்டிற்குச் செல்லுங்கால் முழுமையாகச் செல்வதில்லை. கொள்வோர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகின்றனர். ஜப்பானியப் பெண்ணின் உருவம் இந்தியத் திரைக்கும் மலேசியத் தொலைக்காட்சிக்கும் வந்து சேர்ந்த முறையில் இதனைக் காணலாம்.

1966இல் வெளிவந்த ‘லவ் இன் டோக்கியோ’ என்னும் இந்திப் படத்தில் ஆஷா பரேக் கிமோனோ உடுத்திப் பாடி ஆடினார். சிறுமியர் கூந்தலில் கட்டும் மணி கோத்த ரப்பர் வளையத்திற்கு அப்படத்தின் பெயரே நிலைத்துவிட்டது! 1973இல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ ஒசாகாவில் 1970ஆம் ஆண்டு நடைபெற்ற உலகக் கண்காட்சியைக் காட்சிக்களமாக்கியது. கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றில் ஜப்பான் ஆடைக்கும் ஆடலுக்கும் அமைந்த பின்திரையே அன்றி வேறன்று.

‘ஓஷின்’ முற்றிலும் வேறு வகையினது. சுகாகோ ஹாஷிதா எழுத, என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 பகுதிகளாக ஒளிபரப்பிய தொடர் இது. 1984இல் சிங்கப்பூரிலும், பின்னர் மலேசியா உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஒளிபரப்பாயிற்று. யமகாத்தா மாநிலத்துக் குத்தகை உழவரின் மகள் ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படுகிறாள். இன்னொரு வயிற்றுக்குச் சோறிட வழியறியாத தாய், கருவைக் கலைக்க உறைபனி ஆற்றில் இறங்கி நிற்கிறாள். தோட்டப்புறத்து வறுமையை அறிந்த குடும்பங்களுக்கு இக்காட்சிகளில் அயன்மை இருந்திருக்காது.

எனினும் இங்கே ஓஷின் எவ்வாறு கொள்ளப்பட்டாள்? 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கை ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் முன்மாதிரியாக நிறுத்தியது. அச்சூழலில் ஓஷின் பொறுமையின் வடிவமானாள். ஆனால் தொடரின் தொடக்கமோ பொறுமையைப் பற்றியதன்று. எண்பது கடந்த ஓஷின், குடும்பத்தின் பதினேழாவது கடை திறக்கப்படும் நாளன்று, எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். இத்தனை செல்வத்திற்காக எதை இழந்தோம் என்று தேடிப் போகிறாள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் கொண்டது பெரும் குறையாகும்.

இக்குறை திரையோடு நின்றிருந்தால் பெரிதன்று. கோல லங்காட் மாவட்டத்துத் தெலுக் பங்லிமா காராங்கில் அமைந்த தடையற்ற வாணிப வட்டாரத்தில் ஜப்பானிய மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கின. அங்கு வேலைக்குச் சென்ற இளம்பெண்களுள் மலாய்க் கம்பத்தினர் பெரும்பான்மையர். இந்தியப் பெண்களும் இருந்தனர். நுண்ணோக்கியில் கண்பதித்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளை இணைப்பது அவர்தம் பணி. கீழைநாட்டுப் பெண்களின் விரல்நயத்தைப் புகழ்ந்தே முதலீட்டாளர்களை ஈர்க்க ஏடுகள் அச்சிடப்பட்டன. ஊராரும் செய்தித்தாள்களுமோ இப்பெண்களுக்கு ‘மீனா கரான்’ என்று பெயரிட்டனர். கரான் என்பது மின்சாரம். மின்னணு ஆலையில் வேலை செய்தாள் என்பதற்காக அவள் ஒழுக்கமே ஐயத்திற்குள்ளாயிற்று. விரலைப் புகழ்ந்த வாயும் நடத்தையைப் பழித்த வாயும் அவள் வாயைத் திறக்க விடவில்லை.

மானிடவியலாளர் ஐவா ஓங் இவ்வட்டாரத்து ஆலைப்பெண்களிடையே ஆய்ந்து 1987இல் நூல் வெளியிட்டார். வேலை நேரத்தில் திடீரெனப் பேய் பிடித்தவர்போல் அலறி வீழ்ந்த பெண்களைப் பற்றி அதில் விரிவாக எழுதியுள்ளார். நிருவாகம் அதை நோயெனக் கண்டது. ஓங் அதில் எதிர்ப்பின் குரலைக் கேட்டார். ஓஷின் சொல்லாமல் வீட்டை விட்டு அகன்றதற்கும் இந்த அலறலுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்த்தல் தகும்.

தமிழ் பயிலும் மாணவர்கள் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளை எடுத்து, ஆலைக்குச் செல்லும் பெண் வருமிடங்களைக் குறித்துப் பார்க்கலாம். அவள் உடுத்தியதும் உதட்டில் பூசியதும் எத்தனை வரிகள், நுண்ணோக்கியின் முன் அவள் அமர்ந்திருந்த எட்டு மணி நேரத்திற்கு எத்தனை வரிகள் என்பதைக் கணக்கிட ஒரு மாலைப்பொழுது போதும்.