ராணியை இழந்து வென்ற ஆட்டம்: ஒரு சதுரங்கப் புதிரின் திறனாய்வு

சதுரங்கப் புதிர்களில் வாசகர்களின் மனத்தை மிகுதியாகக் கவர்வது எது என்று கேட்டால், ராணியைப் பலி கொடுத்து எதிரியின் ராஜாவை மடக்கும் புதிர்தான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். பலகையில் மிகுந்த வலிமையுள்ள காய் ராணி. அதைத் தானாகவே எதிரியின் கையில் ஒப்படைத்துவிட்டு வெற்றி பெறுவதென்றால் வியப்பு உண்டாகத்தானே செய்யும்? ஆனால் வியப்பு ஒன்றே புதிரின் பயனாகிவிடாது. விடைப் பகுதியில் முதல் நகர்த்தலை மட்டும் அச்சிட்டு, அதன் அருகே இரண்டு வியப்புக் குறிகளையும் போட்டுவிட்டால், புதிர் விடுவிக்கப்பட்டதாகப் பலர் கருதிவிடுகிறார்கள். அது சரிதானா என்பதைப் புகழ்பெற்ற ஒரு புதிரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

ஆடியவர்கள் யார்?

இந்தப் புதிர் யாரும் கற்பனையில் அமைத்ததன்று. உண்மையாக ஆடப்பட்ட ஆட்டத்தில் பிறந்தது. 1912ஆம் ஆண்டு லண்டனில் எட்வர்ட் லாஸ்கர் என்பவர் வெள்ளைக் காய்களையும், சர் ஜார்ஜ் தாமஸ் என்பவர் கறுப்புக் காய்களையும் ஆடினார்கள். இந்த லாஸ்கரை, 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக விளங்கிய இமானுவேல் லாஸ்கருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. எட்வர்ட் லாஸ்கர் ஜெர்மனியில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய பொறியியலாளர். தாமஸ் 1923, 1934 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சதுரங்கச் சாம்பியன். பூப்பந்தாட்டத்திலும் அவர் பெயர் பெற்றவர். 2022இல் இந்திய ஆண்கள் அணி வென்ற தாமஸ் கோப்பை இவர் பெயரால் வழங்குவதே. ஆகவே தோற்றவர் ஏமாளி என்று எண்ணிவிடாதீர்கள்.

பலகையை எடுத்து வையுங்கள்

இனி வருவதை வெறுமனே படித்துக்கொண்டு போனால் பயனில்லை. பலகையும் காய்களும் உங்கள் முன் இருக்கட்டும். வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளையின் பக்கத்திலிருந்து குறுக்கு வரிசைகளை 1 முதல் 8 வரையும் எண்ணிக்கொள்க. மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்லும் காயை யானை என்றும், மூலைவிட்டமாகச் செல்லும் காயை மந்திரி என்றும் இங்கே குறிப்பிடுகிறோம்.

வெள்ளை: ராஜா ஈ1, ராணி எச்5, யானைகள் ஏ1, எச்1, மந்திரி டி3, குதிரைகள் ஈ4, ஈ5, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, டி4, எஃப்2, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா ஜி8, ராணி ஈ7, யானைகள் ஏ8, எஃப்8, மந்திரிகள் பி7, எஃப்6, குதிரை பி8, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி7, ஈ6, ஜி7, எச்7.

வெள்ளை ஆட வேண்டும். அதன் ராஜாவும் யானைகளும் இதுவரை நகரவில்லை; எனவே கோட்டை கட்டும் உரிமை உண்டு. சிறிது நேரம் நீங்களே முயன்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் தோன்றும் தவறான வழி

பழகிய ஆட்டக்காரர் ஒருவரின் கண் உடனே எச்7 கட்டத்தில் விழும். வெள்ளை ராணி அதைக் குறி வைத்திருக்கிறது. டி3 மந்திரியும் அதே கட்டத்தை நோக்கித்தான் நிற்கிறது. ஆனால் அதன் பாதையில் ஈ4இல் சொந்தக் குதிரையே குறுக்கே நிற்கிறது. எனவே, குதிரையால் எஃப்6 மந்திரியை வெட்டிச் செக் வைத்தால் பாதையும் திறக்கும், அடுத்து ராணி எச்7இல் மேட் செய்யலாம் என்று தோன்றும்.

இந்த எண்ணத்தைத் தடுப்பதற்கென்றே கறுப்பு தன் ராணியை ஈ7இல் வைத்திருக்கிறது. ஜி7 சிப்பாய் எஃப்6 குதிரையை வெட்டியதும் ஏழாம் வரிசை திறந்துவிடும். கறுப்பு ராணி நேராக எச்7ஐக் காக்கும். மேட் என்பது கைக்கெட்டாமல் போகும். அந்தச் சிப்பாய் ஈ5இல் நிற்கும் மற்றொரு குதிரையையும் அடுத்து வெட்டக் காத்திருக்கும். தாமஸின் தற்காப்பில் தெளிவான கருத்து இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

ஒரே காய்களைக் கொண்டு, வரிசையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? புதிரின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தீர்வு

1. வெள்ளை ராணி எச்7 சிப்பாயை வெட்டிச் செக். ராணிக்குக் காவல் இல்லை. மந்திரியின் பாதை இன்னும் அடைபட்டே இருக்கிறது. கறுப்பு ராஜா எச்8க்குப் போக முடியாது, ராணி தாக்குகிறது. எஃப்7க்கும் போக முடியாது, ஈ5 குதிரை தாக்குகிறது. ராணியை வெட்டுவது ஒன்றே வழி.

2. ஈ4 குதிரை எஃப்6 மந்திரியை வெட்டுகிறது. இப்போது குதிரையும் செக் வைக்கிறது. பாதை திறந்ததால் மந்திரியும் செக் வைக்கிறது. இதுவே இரட்டைச் செக். ஜி7 சிப்பாய் குதிரையை வெட்டினாலும் மந்திரியின் செக் நீங்காது. முன்பு தற்காப்பாக இருந்த அதே நகர்த்தல் இப்போது விதிப்படியே செல்லாததாகிவிட்டது! இரட்டைச் செக்கிற்கு விடை ராஜா நகர்வது ஒன்றுதான். எச்8க்குச் சென்றால், ஈ5 குதிரை ஜி6இல் வந்து மேட். எனவே ராஜா எச்6க்கு வருகிறது.

3. ஈ5 குதிரை ஜி4இல் செக். ராஜா ஜி5.

4. எச்2 சிப்பாய் எச்4இல் செக். ராஜா எஃப்4.

5. ஜி2 சிப்பாய் ஜி3இல் செக். ராஜா எஃப்3.

6. மந்திரி ஈ2இல் செக். ராஜா ஜி2.

7. எச்1 யானை எச்2இல் செக். ராஜா ஜி1.

8. வெள்ளை ராஜா டி2. ஏ1 யானையின் பாதை திறக்கிறது, மேட்!

கறுப்பு ராஜா சென்ற வழியைப் பாருங்கள். எட்டாம் வரிசையில் இருந்தது ஏழு, ஆறு, ஐந்து என்று ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு வரிசை இறங்கி, ஏழே நகர்த்தல்களில் முதல் வரிசைக்கு வந்து, எதிரியின் அரண்மனைக்குள்ளேயே மடிகிறது. கறுப்பின் ராணியும் இரு யானைகளும் இந்த நேரம் முழுவதும் நின்ற இடத்தை விட்டு அசையவே முடியவில்லை.

இது துணிச்சலா, கணக்கா?

ராணியைப் பலி கொடுத்ததை மாபெரும் துணிச்சல் என்று பாராட்டுவது வழக்கம். இந்தப் பாராட்டை நாம் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மன், 1935இல் வெளிவந்த தம் நூலில் பலிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். கொடுத்ததற்கு ஈடாகக் கிடைப்பதை முன்னதாகவே முழுமையாகக் கணக்கிட முடியுமானால் அது போலிப் பலி. அவ்வாறு கணக்கிட முடியாமல், நிலைமையின் போக்கை நம்பி இறங்குவது உண்மைப் பலி. போலி என்ற சொல் இங்கு இழிவைக் குறிக்கவில்லை. திரும்பி வருவது உறுதியான கடன் என்பதையே குறிக்கிறது. இந்த அளவுகோலின்படி லாஸ்கரின் பலி, ராணியே போனாலும், போலிப் பலிதான்.

எப்படி முழுமையாகக் கணக்கிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். விடைகளை எண்ணிப் பாருங்கள். வெள்ளையின் முதல் ஏழு நகர்த்தல்களில் ஆறுக்குக் கறுப்பின் விடை ஒன்றே ஒன்று. இரண்டாவது நகர்த்தலுக்கு மட்டும் இரண்டு விடைகள். அவற்றில் ஒன்று உடனே மேட்டில் முடிகிறது. ஆக, எட்டு நகர்த்தல் உயரமுள்ள இந்த மரத்துக்குக் கிளை நுனிகள் இரண்டே இரண்டு! நீளமாக இருப்பதால் கடினம் என்று எண்ணிவிடக் கூடாது. கிளைகள் பெருகும்போதுதான் கணக்கு கடினமாகும்.

புதிரின் குறைகள்

இனிக் குறைகளையும் கூற வேண்டும். லாஸ்கர் சென்ற வழி மிகக் குறுகிய வழியன்று. நான்காம் நகர்த்தலில் எச்4க்குப் பதிலாக எஃப்2 சிப்பாயை எஃப்4இல் வைத்துச் செக் கொடுத்தால் ஒரு நகர்த்தல் மிச்சமாகும். ராஜா எச்4 சென்றால், ஜி3 செக், ராஜா எச்3. மந்திரி எஃப்1 செக், கறுப்பு மந்திரி ஜி2இல் குறுக்கிடும். குதிரை எஃப்2, மேட். ராஜா எஃப்4 சிப்பாயை வெட்டினால், ஜி3 செக். பிறகு ராஜா எஃப்3 சென்றால் வெள்ளை குட்டைப் பக்கம் கோட்டை கட்ட, யானையால் மேட். ராஜா ஜி5 திரும்பினால் எச்4இல் சிப்பாய் வந்து மேட்.

இன்னொரு வழியும் உண்டு. ஆட்டத்தில் கறுப்பு ராஜா எஃப்3 வந்ததும், செக் எதுவும் வைக்காமல் வெள்ளை தன் ராஜாவை எஃப்1க்கு நகர்த்தினாலே போதும். அடுத்து ஜி4 குதிரை எச்2இல் மேட் செய்வதைத் தடுக்கக் கறுப்பிடம் எதுவும் இல்லை.

இறுதி நகர்த்தலிலும் இரட்டை வழி இருக்கிறது. ராஜா டி2 போவதற்குப் பதிலாக ராணிப் பக்கம் கோட்டை கட்டினாலும் மேட்தான். கற்பனையாக அமைக்கப்படும் புதிர்களில் தீர்வு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியின் முன் நிறுத்தினால் இந்தப் புதிர் தேறாது. "எட்டு நகர்த்தலில் மேட் செய்க" என்ற தலைப்போடு இதை வெளியிடுவதும் பிழையே. ஏழில் முடிகிறபோது எட்டு என்று ஏன் சொல்ல வேண்டும்? "வெள்ளை ஆடி வெல்க" என்பதே பொருந்தும்.

ஆனால் குறுகிய வழியே சிறந்த வழி என்று இதனால் தீர்ப்புக் கூறிவிடலாமா? இன்றைய கணினி நொடிப்பொழுதில் ஏழு நகர்த்தல் வழியைக் காட்டிவிடும். அதற்கு நீளம் ஒன்றே அளவு. நாமோ கிளை நுனிகளையும் எண்ணுவோம். எஃப்4 வழியில் நுனிகள் நான்கு. லாஸ்கரின் வழியில் இரண்டு. செக் இல்லாத எஃப்1 வழியிலோ, கறுப்பு தன் விருப்பப்படி எந்தக் காயையும் நகர்த்தலாம். அத்தனைக்கும் விடை பார்த்தாக வேண்டும். பலகைக்கு எதிரே மனக்கணக்காக ஆடும் மனிதனுக்கு, ஒரு நகர்த்தல் நீண்டாலும் கிளைகள் இல்லாத வழி சரிபார்ப்பதற்கு எளிது. ஆகவே வழியின் நீளத்தில் தோற்கும் லாஸ்கரின் தீர்வு, உறுதியில் தோற்கவில்லை. ஆட்டம் என்ற முறையில் அது குறையாகாது என்பதே நமது முடிவு.

வாசகர் கற்க வேண்டியது

புதிருக்கும் ஆட்டத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. புதிரில், விடை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதனால் ராணியை எங்கே பலி கொடுக்கலாம் என்று தேடினாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தில் அப்படி யாரும் காதில் ஓதுவதில்லை. எச்7ஐ வெட்டுவதை மட்டும் கண்டு, ராஜா ஜி5 வருவதைக் காணாதவர் உண்மையான ஆட்டத்தில் ராணியை இழந்து தோற்கவே நேரும். முதல் நகர்த்தலைச் சொல்லி மதிப்பெண் பெறும் பழக்கம் நம்மை அத்தகைய ஆட்டக்காரராகவே வளர்க்கும். கணிதத்தில் விடையை மட்டும் எழுதி, செய்முறையை விட்டுவிடும் மாணவனின் நிலையும் இதுதானே?

எனவே, இனி பலிப் புதிர் ஒன்றைக் கண்டால் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு தொடங்குங்கள். பலி கொடுக்காமல் அதே காய்களை வேறு வரிசையில் ஆடினால் ஏன் பலிக்காது? ஒவ்வொரு செக்கிற்கும் எதிரிக்கு எத்தனை விடைகள்? ராஜா தப்பக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் காப்பது எந்தக் காய்? இந்த மூன்றுக்கும் தாளில் விடை எழுதிய பிறகே தீர்வைப் புரட்டுங்கள்.

பயிற்சிக்காக ஒன்று. மேலே தந்த நிலையில் பி7 மந்திரியை மட்டும் எடுத்து அதன் பிறந்த இடமான சி8இல் வையுங்கள். ஒரே காயின் இடம்தான் மாறியிருக்கிறது. இப்போது எஃப்4 வழியில் சென்றால் மேட் எத்தனையாவது நகர்த்தலில் விழும்? காரணத்தோடு கண்டுபிடியுங்கள்.