லிங்கின் கணக்கும் சோடியம் பம்பும்

உயிரணுவுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே 4 மட்டுமே. சோடியத்தில் நிலைமை நேர்மாறு. இரண்டுமே சவ்வு வழியாகக் கசிகின்றன, ஆனாலும் இந்த ஏற்றத்தாழ்வு சமனாவதில்லை. சவ்விலுள்ள ஒரு பம்ப், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சோடியத்தை இறைத்துத் தள்ளுகிறது என்பது பாடநூல் விடை. சீனாவில் பிறந்த அமெரிக்க உடலியங்கியலாளர் கில்பர்ட் லிங் அதை ஏற்க மறுத்தார். அவரை விவரமறியாதவர் என்று ஒதுக்குவது அநியாயம். தசை இழையின் மின்னழுத்தத்தை நம்பகமாக அளக்க உதவிய நுண்கண்ணாடி மின்முனையை 1949இல் ரால்ஃப் ஜெரார்டுடன் சேர்ந்து செம்மைப்படுத்தியவர் அவர்.

தவளைத் தசையைக் குளிரவைத்து, அது ஆற்றல் பெறும் வழிகளை நஞ்சூட்டி அடைத்துப் பார்த்தார் லிங். சோடியம் அப்போதும் வெளியேறியது. அந்த வேகத்தில் இறைக்க, கையிருப்பு ஆற்றலைப்போல் குறைந்தது 15 முதல் 30 மடங்கு தேவை என்று 1962இல் வந்த நூலில் கணக்குக் காட்டினார். ஆகவே பம்ப் கிடையாது. உள்ளிருக்கும் புரதங்களே பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கின்றன, ஒழுங்குபட்டு நிற்கும் நீர் சோடியத்துக்கு இடம் தருவதில்லை என்றார்.

ஆற்றலுக்குக் கணக்குக் கேட்டது மிகச் சரி. ஆனால் வெளியேறும் ஒவ்வொரு சோடிய அயனிக்கும் ஆற்றல் செலவாகிறது என்று வைத்துக்கொண்ட இடத்தில்தான் கணக்கு சறுக்குகிறது. ஒன்று வெளியே வரும்போதே இன்னொன்று உள்ளே போனால் அது வெறும் பண்டமாற்று, செலவே இல்லை. இதை உடலியங்கியலாளர் ஹான்ஸ் உசிங் 1940களிலேயே சுட்டியிருந்தார்.

பொட்டாசியம் கட்டுண்டு கிடக்கிறது என்பதும் நிற்கவில்லை. கணவாயின் தடித்த நரம்பிழைக்குள் கதிரியக்கப் பொட்டாசியம் நகரும் வேகத்தை 1953இல் ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் அளந்தார்கள். வெறும் உப்புக் கரைசலில் அது நகரும் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தது. 1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் இன்னும் துணிச்சலான காரியம் செய்தார்கள். கணவாய் நரம்பிழையைக் கிடத்தி, மேலே சிறு உருளையை உருட்டி, உள்ளிருந்த கூழின் பெரும்பகுதியைப் பிதுக்கி எடுத்தார்கள். சப்பிப்போன குழலுக்குள் பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினார்கள். நரம்புத் துடிப்பு முன்போலவே ஓடியது. புரதக் கூழ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இந்த நரம்பு செத்திருக்க வேண்டும்.

உட்புறம் ஒட்டி மீந்த மெல்லிய படலமே போதுமானது என்று இதற்கும் வாதாடலாம். அந்த வாதத்துக்கு 1974இல் இடமில்லாமல் போனது. கரைநண்டின் நரம்பில் யென்ஸ் ஸ்கூ 1957இல் அடையாளம் கண்ட நொதிதான் பம்ப் என்று கருதப்பட்டது. ஆய்வாளர்கள் அதைத் தூய்மையாகப் பிரித்து, செயற்கைக் கொழுப்புக் குமிழ்களின் சவ்வில் பதித்தார்கள். குமிழுக்குள் உயிரணுவின் கூழ் துளியும் இல்லை. ஏ.டி.பி. கொடுத்ததும் சோடியம் சவ்வைக் கடந்து இறைக்கப்பட்டது.

என் தீர்ப்பு பம்பின் பக்கமே, தயக்கமின்றி. உயிரணுவுக்குள் நெருக்கியடித்து நிற்கும் புரதங்கள் நீரின் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்ற லிங்கின் அக்கறை இன்றும் ஆராயத் தக்கது. சோடியம் வெளியேறுவதற்கு அது விளக்கமாகாது. காரஹனும் கிளினும் 1960களில் சிவப்பணுச் சவ்வுகளில் செய்த சோதனை ஒன்றே போதும். அயனிச் சரிவைச் செங்குத்தாக்கிப் பம்பைப் பின்னோக்கி ஓடவைத்தார்கள், அது ஏ.டி.பி.யைச் செலவழிக்கவில்லை, உற்பத்தி செய்தது. புரதம் அயனியைப் பிடித்துவைப்பது மட்டுமே நடக்கிறது என்றால், இந்த ஏ.டி.பி. எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை.