செங்காந்தளின் சாய்ந்த தண்டு

திருப்பூரில் வாடகை வீடு மாறுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் மாறுவார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கணக்கு அது. அந்த வெயிலில் மதிலோரம் வெறும் மண்தான் கிடக்கும். நாலு மழை விழுந்ததும் அங்கே விரல் தடிமனில் ஒரு முளை கிளம்பும். யாரும் நடவில்லை, விதைக்கவில்லை. ஆவணியில் அது கொடியாகி ஜன்னல் கம்பியைப் பிடிக்கும். ஐப்பசியில் ஒரு பூ விரியும். "ஏனுங்க, இதென்னங்க பூவு?" என்ற கேள்வி அப்போதுதான் காம்பவுண்டைத் தாண்டும்.

போனில் படம் எடுத்துத் தேடினால் நொடியில் பதில் வந்துவிடுகிறது: செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர், தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் குறை. இந்தச் செடியில் பார்க்க வேண்டியதே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

இலையில் தொடங்கலாம். பாகலும் புடலும் பற்றுவதற்குத் தனியாக ஒரு கம்பியை விடும். அது கணுவில், இலைக்கு அருகிலிருந்து கிளம்பும். காந்தளுக்கு அந்தச் செலவே இல்லை. இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுகிறது. இலை எங்கே முடிந்தது, கம்பி எங்கே தொடங்கியது என்று விரலால் தடவினாலும் சொல்ல முடியாது. அடியில் உள்ள முதல் இலைகளுக்குச் சுருள் இருக்காது. அந்த உயரத்தில் பிடிக்க எதுவும் இல்லை என்று செடிக்குத் தெரிந்திருப்பதுபோல வெறும் கூர்நுனியோடு நின்றுவிடும். மேலே போகப் போகத்தான் சுருள். பூக்காத மாதத்திலும் இந்த ஒன்றை வைத்து நம் ஊர்த் தோட்டத்தில் காந்தளைச் சொல்லிவிடலாம்.

மொட்டு பச்சையாக, தலை குனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் காம்பை நோக்கி மேலே மடங்கிக்கொள்ளும். பூ கீழே பார்க்கிறது, இதழ்கள் வானத்தைப் பார்க்கின்றன. ஓரங்கள் நெளிநெளியாக இருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். அடியிலும் ஓரத்திலும் மட்டும் மஞ்சள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சில நாளில் முழுவதும் கருஞ்சிவப்பு. சாயப்பட்டறை மாஸ்டர்கள் உள்ள ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு ஒரு பிசிறு மாறினாலே பையர் துணியைத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. இந்தக் கொடியோ ஒரே நேரத்தில் மொட்டு, மஞ்சள், பாதிச் சிவப்பு, முழுச் சிவப்பு என்று அத்தனை ஷேடையும் ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கும். வேறு வேறு வகைப் பூ என்று புதிதாகப் பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்வதும் இதனால்தான்.

இதழைப் பாடாதவர் கிடையாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் இடம் காந்தளுக்குத்தான். பெண்ணின் விரலுக்கு உவமை தேடிய சங்கப் புலவர்கள் இங்கேதான் வந்து நின்றார்கள். குறுந்தொகையில் ஒருவர், காந்தளில் தாது ஊதும் தும்பியைப் பாம்பு உமிழ்ந்த மணியாகக் கண்டார். மடங்கி நிற்கும் அந்த இதழைப் பக்கவாட்டில் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும். கடல் கடந்தும் கதை அதுவே. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இது. 1947-இல் இளவரசி எலிசபெத்தின் 21-ஆம் பிறந்தநாளுக்குத் தென் ரோடீசியப் பள்ளிக் குழந்தைகள் கொடுத்த வைர புரூச் இந்தப் பூவின் வடிவம்தான். ஈழத் தமிழருக்கோ இது கார்த்திகைப்பூ; மாவீரர் நாளிலிருந்து அதைப் பிரிக்க முடியாது.

எனக்கு இதழைவிடப் பெரிதாகப் படுவது பூவின் நடுவில் இருக்கிறது. அதைப் பார்க்கக் குனிய வேண்டும், அல்லது உட்கார வேண்டும்.

ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால்களாக நாலா பக்கமும் படுக்கைவாட்டில் நீட்டி நிற்கும். நுனியில் மகரந்தப்பை, நடுவில் மட்டும் பொருத்தப்பட்டு, லேசாகத் தொட்டாலே ஆடும். இடையில் பச்சையாகச் சூற்பை. வழக்கமாக ஒரு பூவில் சூலகத் தண்டு சூற்பைக்கு நேராக நிமிர்ந்து நிற்கும், செம்பருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தளில் அது சூற்பையை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. தற்செயலாக வளைந்தது என்றே முதலில் தோன்றும். அடுத்த பூவைப் பாருங்கள், அதற்கடுத்ததைப் பாருங்கள். ஒன்றும் தப்பாமல் திரும்பியிருக்கும்.

அந்தத் திருப்பத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. தண்டின் நுனியில் மூன்றாகப் பிரிந்த சூலகமுடி, தன் பூவின் மகரந்தத்திலிருந்து விலகி வெளியே நிற்கிறது. தேன் இதழ்களின் அடியில், நடுவில். சிறிய தேனீ நேராக உள்ளே போய்க் குடித்துவிட்டு, தூரத்தில் நீட்டி நிற்கும் எதையும் தொடாமலே கிளம்பிவிடலாம். இறகு அகன்ற பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான் உடம்பு மகரந்தத்திலும் முடியிலும் உரசும். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகன் சூடும் காந்தளில் வண்டும் மொய்க்காது என்கிறார்; தெய்வத்துக்கு உரிய பூ என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பூவின் அமைப்பைப் பார்த்தவருக்கு அந்த வரியைப் படிக்கும்போது ஒரு சின்னப் புன்னகை வரும்.

இந்த விலகல் நம் மாவட்டத்தில் கூலிக்கணக்கிலும் ஏறுகிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் இது தோட்டப்பயிர். கண்வலிக்கிழங்கு என்றால்தான் அங்கே தெரியும். காலை வேளையில் ஆட்கள் வரிசையாகப் போய், பூவுக்குப் பூ மகரந்தத்தைச் சூலகமுடியில் கையால் தடவிவிடுகிறார்கள். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும், விதை தேறும். கொடி படர்வதற்குக் கிளுவை முள்ளைத்தான் ஊன்றுகிறார்கள். கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வேலியாக நிற்கும் அதே கிளுவை. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்து குடியேறிய தாராபுரத்துக்காரர் யாராவது உங்கள் காம்பவுண்டில் இருந்தால், போனை எடுக்குமுன் அவரைக் கேளுங்கள். விலை ஏறி இறங்கிய கதையும் சேர்ந்து வரும்.

விதைக்கு விலை கிடைப்பது அதிலுள்ள கோல்சிசினுக்காக. கவுட் என்னும் மூட்டுவலிக்கு அது மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் அது தடுக்கிறது. அதைக் கொண்டு தாவரங்களின் குரோமோசோமை இரட்டிப்பாக்கலாம் என்று 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ காட்டினார். பயிர் ஆராய்ச்சியில் அது பெரிய திருப்பம்.

அதே காரணத்தால்தான் இது கடும் விஷமும்கூட. கொடி முழுவதிலும் நஞ்சு உண்டு; கிழங்கிலும் விதையிலும் அதிகம். தை, மாசியில் கொடி காய்ந்து காணாமல் போகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கலப்பைபோல இரண்டாகப் பிரிந்த அந்தக் கிழங்கு, மண்ணைக் கொத்தும்போது வள்ளிக்கிழங்கு என்றே கண்ணுக்குப் படும். உயிரைப் பறித்த கிழங்கு அது. கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை; மதிலோரம் ஒரு சின்ன வேலி போட்டு வளருங்கள். சின்னக் குழந்தைகளும் ஆடும் எட்டாத இடமாக இருக்கட்டும். கிழங்கைத் தொட்டால் கையை நன்றாகக் கழுவுங்கள். கைவைத்தியம் என்று யார் சொன்னாலும் அரைத்துக் குடிக்காதீர்கள். தப்பித்தவறி யாராவது கடித்துவிட்டால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது இலையோ கிழங்கோ ஒரு துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தச் செடி என்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.