செம்பு நிறத்தில் வரும் வசந்தம்

மாசி பிறந்ததும் பெரம்பலூரைச் சுற்றியுள்ள கரிசலில் ஒரு வெள்ளை தெரியும். பருத்தி வெடித்திருக்கும். கருப்பு மண், காய்ந்து பழுப்பேறிய செடி, அதன் நுனியில் ஒட்டவைத்தது போல் பஞ்சு. ஒரு காலை நேரம் அதைப் படம் பிடித்து டொரொன்டோவில் இருக்கும் சித்தி மகளுக்கு அனுப்பினேன். "எங்க வாசலும் இப்ப இதே நிறம்தான் அக்கா. நீங்க எடுத்தா எடைக்குப் போடலாம், நாங்க வாரி ஓரமா கொட்டணும்" என்று பதில் வந்தது. கூடவே, முழங்கால் அளவு பனியில் புதைந்து கிடக்கும் அவள் வீட்டுப் படிக்கட்டின் படம்.

இந்த இரண்டு வெள்ளையும் எப்படிக் கலைகின்றன, பின்னால் என்னென்ன நிறங்கள் வருகின்றன என்று பார்த்துச் சொல்லிக்கொள்வது அதிலிருந்து எங்களுக்கு வருஷா வருஷம் ஒரு வேலையாகிவிட்டது.

அவள் ஊர் மரங்கள் கணக்கில் கெட்டி. அடுத்த ஆண்டின் இலையையும் பூவையும் குளிர் வருமுன்பே மொட்டுக்குள் மடித்து வைத்து, மேலே மீன் செதில் போல உறைகளை அடுக்கி மூடிவிடுகின்றன. அந்த மொட்டு அவிழ வெயில் மட்டும் போதாது. முதலில் குளிரை எண்ணி முடிக்க வேண்டும். ஆப்பிளில் பல வகைகளுக்கு 7 டிகிரிக்குக் கீழான குளிர் சுமார் 1,000 மணி நேரம் வேண்டும். அந்தக் கணக்கு நிறைந்த பிறகுதான் மரம் வெப்பத்துக்குக் காது கொடுக்கும். தை மாதத்தில் ஒருநாள் வெயில் இளித்தால் மொட்டு ஏமாறுவதில்லை. அப்படி எல்லா மரங்களும் ஒரே கணக்கை எண்ணி முடிப்பதால், திறக்கும்போதும் ஒன்றாகத் திறக்கின்றன. டோக்கியோ நகரம் 1959இல் டொரொன்டோவுக்கு 2,000 செர்ரி மரங்களைக் கொடுத்தது. ஹை பார்க்கில் அந்த மரங்கள் பூப்பதைப் பார்க்க நம் சித்திரை நடுவில் ஊரே திரள்கிறது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஒரு காற்றுமழை வந்தால் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

நம் நாட்டிலேயே இதைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீநகர் போகலாம். 2007இல் திறக்கப்பட்ட துலிப் தோட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கிழங்குகளை மண்ணுக்குள் வைக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் கிடந்தால்தான் அவை பங்குனியில் பூக்கும். எங்கள் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தையும் ஒரு துலிப் கிழங்கையும் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் கட்டுமானம் ஒன்றுதான்: அடுக்கடுக்காய்ச் சதை, நடுவில் பச்சைக் குருத்து. ஆனால் விதை வெங்காயம் காற்றோட்டமான பட்டறையில், கீற்றுக்குக் கீழே, குளிர் என்றால் என்னவென்றே தெரியாமல் கிடக்கிறது. துலிப் பனிக்குக் காத்திருக்கிறது, வெங்காயம் பட்டத்துக்குக் காத்திருக்கிறது.

இங்கே பூட்டு வேறு. பெரம்பலூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். டொரொன்டோவில் ஆறரை மணி நேரம். இங்கே குளிரும் இல்லை, இருட்டும் இல்லை, மரத்தைப் பிடித்து நிறுத்துவது தண்ணீர் ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, தை கழிவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். மரம் இலைகளை உதிர்க்கத் தொடங்குகிறது. இலை போனால் நீர் ஆவியாகும் வழி அடைபடுகிறது. அதன்பின் வேர் ஆழத்திலிருந்து உறிஞ்சும் கொஞ்ச நீர் மெல்ல ஏறி அடிமரத்தையும் கிளையையும் நிரப்ப, மொட்டு வீங்குகிறது. பிறகு நடப்பதுதான் வேடிக்கை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, கிணறு அடியில் கண் சிமிட்டும், ஏரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்தப் பங்குனியில் மரம் தளிர்க்கும்! கார்த்திகையில் சேர்த்ததைப் பங்குனியில் எடுத்துச் செலவழிக்கும் சிக்கனக்காரக் குடும்பம் போல.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படிக்கும்போது, 40 டிகிரி வெயிலில் நின்று பார்ப்பவருக்கு அந்த 'இள' என்ற எழுத்துகள் சிரிப்பு மூட்டும். பெயர் வைத்தவர் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

புங்கந் தளிரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முந்தின வாரம் வரை தூசி படிந்த பழைய இலை. நான்கைந்து நாளில் அது மஞ்சளாகிக் கொட்டும். முழுதும் கொட்டி முடிக்கும்வரை மரம் பொறுக்காது. கிளையின் அடியில் பழுத்த இலை ஆடிக்கொண்டிருக்கும்போதே நுனியில் புதியது வந்துவிடும். வரும்போது அது விறைத்து நிற்பதில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டது போலத் துவண்டு தொங்கும். அதிலும் ஒரு காரியம் இருக்கிறது. உச்சி வெயில் முகத்தில் அடிக்காமல் விளிம்பைத் தொட்டுக் கீழே போய்விடும். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. வெயிலை மரத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் இலையின் நரம்பெல்லாம் தெரியும். பத்து நாள் போனால் தோல் தடித்து, நிறம் இருண்டு, சாதாரண இலையாகிவிடும். பின்னாலேயே வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ வந்து உதிரும். சங்கப் புலவர்கள் அதைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். பெருக்காத வாசலில் காலையில் போய்ப் பார்த்தால் அவர்கள் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும்.

அரசும் மாவும் வேம்பும் இன்னொரு மாதிரி. அவற்றின் தளிர் பச்சையாக வருவதில்லை, செம்பு நிறத்தில் வருகிறது. ஒரு பங்குனியில் குளக்கரை அரச மரத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "அங்கயுமா அக்கா இலையுதிர் காலம்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். பிறகு, அவள் கேட்டதில் பாதி சரி என்று தெரிந்துகொண்டேன். அவள் வீட்டுத் தெரு மேப்பிள் மரங்கள் புரட்டாசி, ஐப்பசியில் சிவந்து எரிவதும், நம் அரசந் தளிர் செம்பாய் மின்னுவதும் ஒரே வகை நிறமியால். ஆந்தோசயனின் என்பது அதன் பெயர். சுட்டெரிக்கும் வெயிலில் பிறக்கும் பிஞ்சு இலைக்கு, பச்சையம் நிறையும் வரை அது ஒரு குடை. மேப்பிள் இலை விடைபெறும்போது உடுத்துகிற நிறத்தை நம் இலை பிறக்கும்போது உடுத்தி வருகிறது. உலகம் முழுக்க வசந்தத்தின் நிறம் பச்சை என்று பாடப்புத்தகத்தில் வரைந்து வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் அது செம்பில் தொடங்கிப் பச்சையில் முடிகிறது.

செர்ரி பகலில் கூட்டம் கூட்டிப் பூக்கும். நம் இலுப்பைக்கு அந்த ஆசை கிடையாது. கிளை நுனியில் கொத்தாகத் தலைகவிழ்ந்த மொட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போல நீளும் சூல்தண்டு. இரவில் பூக்கும், வௌவால்கள் வந்து போகும், விடிவதற்குள் வெண்ணெய் நிறச் சதைப்பற்றான பூ கழன்று விழும். சருகின் மேல் விழும்போது மெல்லிய ஒரு 'பொத்'. ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் போனால்தான் அந்தச் சத்தம் கேட்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் மாவட்டத்துக்கு எறையூரில் சர்க்கரை ஆலை வந்துவிட்டதால் இலுப்பைக்கு அந்தப் பதவியும் போயிற்று. ஆனாலும் ஒரு பூவை வாயில் போட்டு, அந்தத் தித்திப்புக்குப் பின்னால் வரும் லேசான மதுவாடையை உணர்ந்தவர்கள் பழமொழி செய்த ஏளனத்தை ஒப்பமாட்டார்கள்.

வீட்டுக் கொல்லை மல்லிகைக்கு மட்டும் நாமே ஒரு குளிர்காலத்தைச் செய்து கொடுக்கிறோம். கார்த்திகையில் கவாத்து செய்து, குச்சி குச்சியாய் நிறுத்தி, தண்ணீரையும் குறைத்துவிடுவது வழக்கம். பிறகு எருவிட்டுப் பாய்ச்சினால் பங்குனியில் அரும்பு கட்டும். டொரொன்டோவில் பனி செய்கிற வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது.

நம் குளிர்காலத்தையும் வடக்கின் வசந்தத்தையும் உடம்பால் அறிந்தவை அரியலூர்ப் பக்கம் வந்து போகும் பறவைகள்தாம். புள்ளம்பாடி வாய்க்கால் நீரும் பருவமழையும் நிரப்புகிற கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி அங்கே குளிர்காலம் கழிக்க வருகின்றன. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கருங்கோடு, கண் மை தீற்றியது போல. நம் மரங்கள் தளிர்க்கும் சமயத்தில் அவை கிளம்பிவிடும். அவற்றுக்கு வசந்தம் என்பது வடக்கே பனி உருகி ஏரிக்கரையில் புல் தலைகாட்டுவது. நம் இளவேனிலை அவை கண்டதே இல்லை. கிளம்பிய பிறகு தண்ணீர் வற்றி, சேற்றில் பாத அச்சு மட்டும் இருக்கும். அந்த வெறுமையை நிரப்பக் குயில் வருகிறது. முள்ளும் கம்பியும் பொறுக்கிக்கொண்டு போகும் காக்கையின் பின்னாலேயே அதன் குரல் தொடர்ந்து போவதைக் கவனித்தால், யார் கூட்டில் யார் முட்டை இடப் போகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

பூவே தெரியாத மரம் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு படுத்திருக்கும் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குக் காட்டினார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். இந்தப் பகுதி கடலாக இருந்தபோது அடித்து வரப்பட்டு வண்டலில் புதைந்து கல்லானது. பைன், தேவதாரு போலக் கூம்பு காய்க்கும் ஊசியிலைக் கூட்டத்து மரம் அது. பூக்கும் செடிகள் பூமியில் பரவத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்தது. அந்தக் கூட்டம் இன்று பெரும் காடுகளாக நிற்பது அவள் இருக்கும் பனி நாட்டில். எங்களிடம் மிஞ்சியிருப்பது கல். ஒரு சித்திரையில் போனபோது அதன் மேல் எங்கிருந்தோ காற்றில் வந்த வேப்பம்பூ இரண்டு ஒட்டிக்கிடந்தன. ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மகரந்தம் சுமக்கும் சின்னக் குழல்.

அந்த வேப்பம்பூவைத்தான் ஒவ்வொரு பங்குனியும் மரத்தடியில் வேட்டி விரித்து வாரி, நிழலில் உலர்த்தி, ஒரு பொட்டலம் அவளுக்கு அனுப்புகிறேன். மாலையில் வாசம் கூடும். அப்போது வாரினால் கை முழுக்கத் தேன் மணம். நாக்கில் வைத்தால் கசப்பு. மணத்துக்கும் ருசிக்கும் இவ்வளவு தூரம் உள்ள பூ எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த ஏப்ரல் 14 அன்று அவள் போன் செய்தாள். "பச்சடிக்கு நெய்யில பூவைப் போட்டேன் அக்கா. வீடு பூரா நம்ம கொல்லை வாசம். ஜன்னலுக்கு வெளியே பாத்தா மரம் இன்னும் மொட்டையாத்தான் நிக்குது. மொட்டு மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு."

"எண்ணி முடிச்சிருக்கும், ஒரு வாரம் பொறு" என்றேன்.

பேசி முடித்து வாசலுக்கு வந்தேன். விடியற்காலை பெருக்கிக் கோலம் போட்ட இடத்தில், புள்ளிகளுக்கு நடுவே நான் வைக்காத புள்ளிகளாக மறுபடியும் பூ.