வாணாளும் நித்தியமும்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்து நிற்போர், மக்கள் வாணாளை ஒரு நீர்த்துளியாகவும் நித்தியத்தைப் பெருங்கடலாகவும் உவமித்தல் இயல்பே. கேட்டற்கினிய இவ்வுவமை சித்தாந்த நூல்வழி ஆராயுங்கால் நிலைபெறுமாறில்லை. என்னை? துளி எத்துணைச் சிறிதாயினும் கடலொடு ஓரினமாம்; துளிகள் பல திரளின் கடலாம். ஆண்டுகளோ எத்துணைக் கோடி திரளினும் நித்தியம் ஆகா.

காலம் என்பது அசுத்தமாயையின் காரியமாகிய வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று. சென்றது, நிகழ்வது, வருவது என மூவகையாய் நின்று உயிரின் நுகர்ச்சியை எல்லைப்படுத்துதல் அதன் தொழில். தோற்றமுடைமையின் ஒடுக்கமும் அதற்கு உண்டு. ஆகலின், காலதத்துவத்தைக் கடந்த நிலையே நித்தியமெனப்படும். நெடுங்காலத்தை அப்பெயரான் வழங்குதல் பிழையாம்.

இவ்வேறுபாடு உணராதார்க்குப் பெரியபுராணத்திற்குப் பொருள் கோடற்கண் இடர் விளைகின்றது. திருவாவடுதுறையில் திருமூலர் யோகத்திருந்து, ஆண்டிற்கு ஒன்றாக 3000 ஆண்டில் 3000 பாடல் அருளினர் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. திருஞானசம்பந்தர்க்கு வாணாள் 16 என்பது வழிவழி வந்த வழக்கு. ஆண்டின் மிகுதியே பேறெனின், சம்பந்தர் பெற்றது குறைந்த பேறாதல் வேண்டும். அங்ஙனம் கொள்வார் சைவருள் ஒருவரும் இலர். நித்தியத்தொடு வைத்து எண்ணுங்கால் 3000-உம் 16-உம் ஒருபடித்தேயாம்.

அற்றேல், வாணாள் பயனற்றதோ எனின், அதுவும் பொருந்தாது. இறைவனும் உயிரும் அநாதி. உடம்போ வினைக்கீடாக வந்தது. பிராரத்தம் நுகர்ந்து கழிதற்கும், மலம் பரிபாகம் எய்துதற்கும் அவ்வுடம்பும் காலமும் வேண்டப்படுகின்றன. எனவே, காலத்துட்பட்ட வாணாள் காலங்கடந்த பொருளை அடைதற்கு வாயிலாயிற்று. வாயிலின் சிறப்பு, அது கொண்டு சேர்க்கும் இடத்தாற் கொள்ளப்படும். அதன் அகலத்தாற் கொள்ளப்படாது.

இதற்குச் சான்று தில்லைக்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உளது. ஆச்சாள்புரம் என இந்நாளில் வழங்கும் நல்லூர்ப்பெருமணத்தில், சம்பந்தர் திருமணத்திற்கு வந்தார் அனைவரும் அவரொடு ஒருங்கே சோதியுட் புக்கனர் என்பர் சேக்கிழார். ஆண்டில் மூத்த தந்தையார் சிவபாதவிருதயரும், இளையராகிய மகனாரும் புக்க சோதி ஒன்றே. மூத்தார்க்கு மிகையும் இளையார்க்குக் குறையும் ஆண்டுக் கூறப்படவில்லை.

இளமையில் மக்களை இழந்து வருந்துவார் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர்தம் துயரை நூல் இகழவில்லை. குறைந்த ஆண்டு பெற்றார் குறைந்த அருள் பெற்றார் என்னும் எண்ணத்திற்கு மட்டும் அது சிறிதும் இடந்தரவில்லை.